கீரிமலைப் பக்கத்தை ஸ்கிரிப்ட் வாசிக்கும் விதம்

உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும்போது ஒரு பக்கத்தைப் பற்றிய தகவலை இரண்டு வழிகளில் பெறலாம். தலைப்பு என்ன, முகவரி என்ன, இந்தப் பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்று செலினியம் போன்ற கருவியின் ஆயத்தக் கட்டளைகளால் கேட்பது ஒரு வழி. சிறியதொரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டை உலாவிக்குள் அனுப்பி, அது பக்கத்துக்குள்ளேயே ஓடிக் கண்டதைத் திருப்பிக் கொண்டுவரச் செய்வது மற்ற வழி. முதலாவது பத்திரமானது, கேட்கக்கூடியவை மட்டும் கொஞ்சம். இரண்டாவது வழியில், பக்கம் தன்னைப் பற்றி அறிந்த எல்லாவற்றையும் கேட்கலாம். தவறான கேள்விக்கும் அது தயங்காமல் ஒரு விடை தந்துவிடும் என்பதே அதிலுள்ள சிக்கல். தமிழ்ப் பக்கங்களில் இந்தச் சிக்கலுக்குச் சில கூடுதல் கிளைகள் உண்டு; ஆங்கிலப் பக்கங்களை வைத்து எழுதப்பட்ட பாடநூல்கள் அவற்றைத் தொடுவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் கடலை ஒட்டிய ஊற்றுக் கேணியாலும் நகுலேஸ்வரம் கோயிலாலும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தாலும் அறியப்பட்ட ஊர் கீரிமலை. தமிழ் விக்கிப்பீடியாவில் அதற்கொரு கட்டுரை உண்டு. அந்தப் பக்கம் இந்தத் தொழிலைக் கற்பிக்க வசதியானது. பெயர் தமிழில் இருக்கிறது, முகவரியும் தமிழில் இருக்கிறது, பக்கத்தை உருவாக்கும் மீடியாவிக்கி மென்பொருள் திறந்த மூலமானது, தன்னைப் பற்றிய குறிப்புகளை ஸ்கிரிப்டுக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பது. மீடியாவிக்கியின் சொந்த உலாவிச் சோதனைகளும் செலினியம் குடும்பத்துக் கருவிகளில், முதலில் ரூபி மொழியிலும் பின்னர் வெப்டிரைவர்ஐஓ கொண்டு நோட்ஜேஎஸ்ஸிலும், எழுதப்பட்டவை.

வரலாற்றில் முந்தியது ஸ்கிரிப்ட் வழிதான். 2004இல் சிக்காகோவில் தோட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ், ஊழியர்களின் நேரத்தையும் செலவையும் பதியும் உள்ளகச் செயலி ஒன்றைச் சோதிப்பதற்காக உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலொன்றை எழுதினார். அதுவே செலினியம் ஆயிற்று. அந்நாளில் சோதனைக் கருவிச் சந்தையில் கோலோச்சிய நிறுவனத்தின் பெயர் மெர்குரி. பாதரச நஞ்சுக்குச் செலினியம் முறிவு என்ற பகிடியிலிருந்து பெயர் வந்தது. முழுவதும் ஸ்கிரிப்டாகவே இருந்ததால் ஸ்கிரிப்டுக்கு உலாவி போட்ட விலங்குகள் எல்லாம் அதன் காலிலும் இருந்தன. ஒரு தளத்திலிருந்து வந்த ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் பக்கத்தைத் தொடக்கூடாது என்ற விதியால், சோதனை நிரலையும் சோதிக்கப்படும் தளத்தின் சேவையகத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த செலினியம் ஆர்சி, நடுவில் ஒரு பதிலிச் சேவையகத்தை நிறுத்தி அந்த விதியைச் சுற்றிப்போனது. சைமன் ஸ்டூவர்ட் தொடங்கிய வெப்டிரைவரோ உலாவியை வெளியிலிருந்து, அதன் சொந்தக் கட்டுப்பாட்டு வாயில் வழியாக இயக்கியது. இரண்டும் ஒன்றாகி 2011 ஜூலையில் செலினியம் 2 வெளிவந்தது. 2018 ஜூனில் வெப்டிரைவர் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாயிற்று. கூகிளின் பப்பெட்டியர் 2017இலும் மைக்ரோசாஃப்டின் பிளேரைட் 2020இலும் வந்தன. கருவிகள் வெளியே போய்விட்டாலும், உள்ளே ஒரு ஸ்கிரிப்டை அனுப்பும் வாசலை எவரும் மூடவில்லை. செலினியத்தில் அதற்கு எக்ஸிகியூட்ஸ்கிரிப்ட் என்று பெயர். பப்பெட்டியரிலும் பிளேரைட்டிலும் எவாலுவேட்.

செலினியத்தில் அனுப்பப்படும் துண்டு, பெயரில்லாத ஒரு ஃபங்ஷனின் உடலாக வைத்து ஓட்டப்படும். ஆகவே ‘ரிட்டர்ன்’ என்ற சொல் இல்லாவிட்டால், துண்டு ஓடி முடிந்தும் வெறுமைதான் திரும்பும். உலாவியின் கன்சோலில் ‘டாக்குமென்ட்.டைட்டில்’ என்று மட்டும் தட்டினாலே தலைப்பு தெரியும். அதே வரியைச் சோதனையில் ஒட்டினால் ஒன்றும் வராது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. அடுத்தது, தேட வேண்டிய பெயரைத் துண்டுக்குள் ஒட்டுப்போட்டு எழுதும் பழக்கம். பெயரில் ஒரு மேற்கோள் குறி இருந்தாலே துண்டு உடைந்துவிடும். பெயர்களைத் தனி உள்ளீடுகளாக அனுப்பி, உள்ளே ‘ஆர்குமென்ட்ஸ்’ வரிசையிலிருந்து எடுப்பதே முறை.

திரும்பி வருவது எதுவாக இருந்தாலும் ஜேஎஸ்ஓஎன் வடிவில் பொதி செய்யப்பட்டே வரும். எண், எழுத்துத்தொடர், ஆம்–இல்லை மதிப்பு ஆகியவை அப்படியே வந்து சேரும். பக்கத்தின் ஓர் உறுப்பைத் திருப்பினால் உறுப்பு வராது. அதைச் சுட்டும் அடையாளம் ஒன்றே வரும். பக்கம் அந்த இடத்தைப் புதிதாக வரைந்துவிட்டால் அடையாளம் செல்லாததாகி, ‘ஸ்டேல் எலமென்ட்’ என்ற நன்கு அறிமுகமான பிழை கிளம்பும். தன்னைத்தானே சுட்டும் பொருளைத் திருப்பினால் பொதி செய்யவே முடியாமல் பிழை வரும். திகதிகளை எழுத்துத்தொடராக்கிய பின் திருப்புவது நல்லது. உள்ளே ஏதாவது முடியும்வரை காத்திருந்து விடை சொல்லவேண்டிய துண்டுகளுக்கு ஒத்திசையா வகை தனியே உண்டு. வெப்டிரைவர் தரநிலையின்படி ஸ்கிரிப்ட் ஒன்றுக்கு இயல்பாக வழங்கப்படும் கெடு 30 விநாடி.

தலைப்பும் முகவரியும் எளிய கேள்விகள் போலத் தோன்றும். தலைப்பு உண்மையிலேயே எளியது: கட்டுரையின் பெயரும் தளத்தின் பெயரும் ஒட்டி, தமிழ் எழுத்துகளாகவே வரும். முகவரி அப்படியல்ல. முகவரிப் பட்டையில் ‘கீரிமலை’ என்று தமிழிலேயே தெரிகிறது, ஸ்கிரிப்டில் ‘லொக்கேஷன்.எச்ரெஃப்’ என்று கேட்டால் விழுக்காட்டுக் குறிகளும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கோவை வரும். கீரிமலை என்ற பெயரில் யூனிகோடு குறிகள் 7. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21 பைட். ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும்போது 63 எழுத்துகள். கண்ணால் பார்த்ததை எதிர்பார்ப்பாக எழுதிவைத்தால் சோதனை தோற்கும், பக்கத்தில் பிழையே இல்லாமல். ‘டீகோட்யூஆர்ஐகாம்போனென்ட்’ கொண்டு பிரித்த பின்னரே ஒப்பிட வேண்டும். தளத்தின் பெயரே தமிழில் இருந்தால் இன்னொரு படி கூடும். இலங்கைக்கு ‘.இலங்கை’ என்ற உயர்நிலை ஆள்களப் பெயர் 2010இல் கிடைத்தது. அத்தகைய முகவரியின் ஆள்களப் பகுதியைக் கேட்டால் விழுக்காட்டுக் குறிகள் வருவதில்லை. எக்ஸ் என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடும் இரட்டைக் கோட்டோடும் தொடங்கும் பியூனிகோடு வடிவம் வரும். ஒரே முகவரியின் இரண்டு பகுதிகள் இரண்டு வகைக் குறியாக்கத்தில் வருவதால் பிரிக்கும் முறையும் இரண்டாகத்தான் இருக்க முடியும்.

பக்கத்தின் உரையை எடுப்பதில் மூன்று கேள்விகள் ஒன்றுபோலத் தோன்றும். ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ உறுப்புக்குள் இருக்கும் எல்லா எழுத்தையும் தரும்; மறைத்து வைக்கப்பட்டதும், உள்ளே செருகப்பட்ட நடைதாள் வரிகளும் அதில் அடக்கம். ‘இன்னர்டெக்ஸ்ட்’ உறுப்பு திரையில் எப்படிப் படியும் என்று கணக்கிட்டு, தெரிவதை மட்டும் வரிமுறிவுகளோடு தரும். அந்தக் கணக்குக்காகச் சற்று மெதுவாகவும் இருக்கும். வெப்டிரைவரின் உரைக் கட்டளை தனக்கென ஒரு விதித்தொகுதியை வைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டளையும் திரைமறைவில் உலாவிக்குள் ஓட்டுவது ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டைத்தான். ஸ்கிரிப்டையே பயன்படுத்துவதில்லை என்று வீம்பு பேசும் குழுக்கள் இதை அறிந்திருப்பதில்லை.

விக்கிப்பீடியாவின் துணைத்தலைப்புகளில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். நெடுங்காலமாகத் துணைத்தலைப்பு உறுப்புக்குள்ளேயே ‘தொகு’ என்ற இணைப்பும் இருந்தது. ‘வரலாறு’ என்ற தலைப்பின் உரையைக் கேட்டவருக்கு ‘வரலாறு[தொகு]’ என்று வந்தது. அதைக் கழற்றிவிட்டு ஒப்பிடும் வரிகள் பல சோதனைகளில் இடம்பிடித்தன. மீடியாவிக்கியின் அண்மைய பதிப்புகளில் அந்த இணைப்பு தலைப்பு உறுப்பிலிருந்து வெளியே எடுக்கப்பட்டுவிட்டது. கழற்றும் வரிகள் இப்போது வேலையில்லாமல் கிடக்கின்றன. பக்கவாட்டு உள்ளடக்கப் பட்டியலிலும் அதே தலைப்பு மறுபடி வருவதால், ‘வரலாறு என்ற சொல் பக்கத்தில் உண்டா’ என்று கேட்கும் சோதனை, கட்டுரையில் அந்தப் பகுதி அழிந்துபோய்ப் பட்டியல் மட்டும் எஞ்சியிருந்தாலும் தேர்ச்சி என்றே சொல்லும். எந்த உறுப்புக்குள் தேடுவது என்று குறுக்கிய பிறகே உரையைக் கேட்க வேண்டும்.

அட்ரிபியூட், பிராப்பர்ட்டி என்ற இரண்டும் இதே வகைக் குழப்பம். முன்னது எச்டிஎம்எல்லில் எழுதியிருந்தது. பின்னது இப்போது உலாவி நினைவில் இருப்பது. படிவத்தின் பெட்டியில் பயனர் ஒரு பெயரைத் தட்டிய பிறகும் ‘வேல்யூ’ அட்ரிபியூட் பழையதையே சொல்லும். பிராப்பர்ட்டிதான் தட்டியதைச் சொல்லும். செலினியத்தின் பழைய கட்டளை இரண்டையும் கலந்து தனக்குச் சரியென்று பட்டதைத் தந்துவந்தது. செலினியம் 4இல் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை இருக்கிறது, அவற்றையே பயன்படுத்தலாம்.

இனி எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்டில் ‘கீரிமலை’யின் நீளத்தைக் கேட்டால் 7 என்று வரும். சிறுவர் பாடசாலையில் எண்ணினால் 4. உயிர்மெய்யின் மெய்ப்பகுதியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகளாக நிற்பதே காரணம். வாசகர் எண்ணும் எண்ணிக்கை தேவைப்பட்டால் ‘இன்டில்.செக்மென்டர்’ என்ற வசதி உண்டு. குரோம் 2020இலிருந்தும் ஃபயர்ஃபாக்ஸ் 2024இலிருந்தும் அதை ஏற்கின்றன. இது வெறும் எண்ணிக்கை வேடிக்கையல்ல. படிவப் பெட்டியில் ‘மேக்ஸ்லெங்த்’ 10 என்று வைத்தால் உலாவி எண்ணுவது குறிகளை. ‘நகுலேஸ்வரம்’ வாசகருக்கு 7 எழுத்து, உலாவிக்கு 11 குறி. கடைசிக் குறி புள்ளி. அது வெட்டுப்பட்டு ‘நகுலேஸ்வரம’ என்று பதிவாகும். கோயிலின் பெயர் பற்றுச்சீட்டில் இப்படி அச்சாகி வரும்வரை யாரும் கவனிப்பதில்லை. பெட்டியின் எல்லையையும் தட்டிய மதிப்பையும் ஒரே துண்டில் கேட்டு ஒப்பிட்டால் இது முதல் நாளிலேயே பிடிபடும்.

அதைவிடத் தந்திரமானது, பார்வைக்கு ஒன்றாயும் குறிகளில் இரண்டாயும் இருக்கும் சொற்கள். ‘கோயில்’ என்பதன் முதல் எழுத்தை ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்து எழுதலாம். அந்தக் குறியின் எண் 3019. அதையே இரட்டைக் கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் எந்த வித்தியாசமும் இல்லை. முதலாவதன் நீளம் 6, இரண்டாவதன் நீளம் 7, சமக்குறி போட்டு ஒப்பிட்டால் ‘இல்லை’. விசைப்பலகை மென்பொருள்களும் பழைய உரைமாற்றிகளும் இரண்டு வடிவத்தையும் உண்டாக்கியிருக்கின்றன. யூனிகோடு இதற்கு மருந்து வைத்திருக்கிறது: ‘நார்மலைஸ்’ என்ற செயலை என்எஃப்சி வடிவத்துக்கென அழைத்தால் இரண்டும் ஒன்றாகும். மீடியாவிக்கி தன்னிடம் வரும் தலைப்புகளையும் உரையையும் என்எஃப்சிக்கு மாற்றியே சேமிக்கிறது. அதனால் விக்கிப் பக்கத்தில் சிக்கல் தெரியாது. எதிர்பார்ப்புப் பட்டியலை எக்செல் கோப்பிலிருந்து எடுத்த சோதனையாளரின் பக்கத்தில்தான் தெரியும்.

என்எஃப்சியாலும் தீராதவை இரண்டு. ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவையார்’ என்று தட்டுவோர் ஏராளம். முன்னதன் முதல் குறி 2964. பின்னதில் 2962, 2995 என்று இரண்டு. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடைப் பொறுத்தவரை பின்னது பிழையான எழுத்துக்கூட்டு, எனவே எந்த இயல்பாக்கமும் அதைத் திருத்தாது. இரண்டாவது ‘ஸ்ரீ’. ஸகரத்தில் தொடங்கும் பழைய வடிவமும், 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த 2998ஆம் குறியில் தொடங்கும் வடிவமும் பல எழுத்துருக்களில் ஒரே உருவாகத் தோன்றும். ஸ்ரீலங்கா என்ற பெயர் வராத அரச படிவம் அபூர்வம் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. தெரிந்த இணைகளுக்கு ஒரு சிறு மாற்றட்டவணை எழுதி, ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் அதன் வழியே செலுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. நகுலேஸ்வரம், நகுலேசுவரம் என்ற இரட்டை எழுத்துமுறை வேறு விடயம்: அது பதிப்பாசிரியரின் தெரிவு, சோதனை அதை மழுப்பக்கூடாது.

ஸ்கிரிப்டுக்குத் தெரிவதும் கண்ணுக்குத் தெரிவதும் பிரிந்துபோகும் இடம் எழுத்துரு. தலையில்லா உலாவி ஓடும் லினக்ஸ் கொள்கலன்களில் தமிழ் எழுத்துரு இல்லாதிருப்பது வழக்கம். அங்கே கீரிமலைப் பக்கத்தைத் திறந்து உரையைக் கேட்டால் ஒவ்வொரு குறியும் சரியாக வரும். திரைப்பிடிப்பு எடுத்துப் பார்த்தால் வரிவரியாகப் பெட்டிகள். சோதனை அறிக்கை பச்சை, வாசகருக்கு வெற்றுக் கட்டங்கள். ‘டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்’ என்ற பொருளிடம் கேட்கலாம். அதன் ‘ரெடி’ நிறைவேறும்வரை காத்திருந்தால் பக்கம் இறக்கும் எழுத்துருக்கள் வந்து சேர்ந்துவிடும். அதிலுள்ள ‘செக்’ என்ற கேள்வியை மட்டும் நம்பிவிடக்கூடாது. இன்னும் இறக்க வேண்டியது ஏதும் பாக்கியில்லை என்பதே அதன் ஆம். இல்லாத எழுத்துருவின் பெயரைச் சொன்னாலும் சில உலாவிகளில் ஆம் என்றே வரும். கொள்கலனில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவி, படத்தையும் ஒருமுறை மனிதக் கண்ணால் பார்ப்பது குறைந்த செலவு.

இதற்கு நேர்மாறான நிலையும் ஈழத்துத் தளங்களில் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பாமினி எழுத்துருவே ஆட்சி செய்தது. பாமினியில் அமைந்த பழைய பக்கத்தைத் திறந்தால், எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்கு நல்ல தமிழ். ஸ்கிரிப்ட் எடுத்துவருவதோ ஆங்கில எழுத்துக் குவியல்: ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக வரும். அத்தகைய பக்கத்தில் உரை ஒப்பீட்டுக்கு இடமில்லை. முதலில் உறுப்பின் ‘ஃபான்ட்ஃபேமிலி’யைக் ‘கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல்’ மூலம் கேட்டு, பாமினி என்று வந்தால் உரைமாற்றி வழியே செலுத்திய பின்னரே பேச்சு. படமாகவே வருடி ஏற்றப்பட்ட ஆவணங்களில் அதுவும் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் மீடியாவிக்கியில் இயங்குவதுதான். அதன் பட்டியல் பக்கங்களை ஸ்கிரிப்ட் வாசிக்கும், வருடப்பட்ட சஞ்சிகைப் பக்கத்துக்குள் இருக்கும் வரியை வாசிக்காது.

மும்மொழித் தளங்களைச் சோதிப்போருக்குக் குறிகளின் எண்ணே ஒரு கருவி. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு இலங்கையில் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. பொதுச் சேவைத் தளங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று முகத்தோடு வருகின்றன. தமிழ் முகத்தில் மொழிபெயர்க்காமல் விடுபட்ட வரிகளைக் கண்ணால் தேடுவது அலுப்பான வேலை. தமிழின் குறிகள் 2944 முதல் 3071 வரை, சிங்களத்தின் குறிகள் 3456 முதல் 3583 வரை. தெரியும் உரைத்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த வரம்பில் எத்தனை விழுகின்றன என்று எண்ணி, தமிழே இல்லாத துண்டுகளைப் பட்டியலாகத் திருப்பும் ஸ்கிரிப்ட் இருபது வரிகூட வராது. கூடவே ‘டாக்குமென்ட்எலமென்ட்.லேங்’ என்ன என்றும் கேட்க வேண்டும். உரை முழுவதும் தமிழாயிருந்தும் பக்கம் தன்னை ஆங்கிலம் என்று அறிவித்துக்கொண்டால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழை வாசிக்க முற்படும். ஆயத்தக் கட்டளைகளால் மட்டும் செய்வதென்றால் நாள் முழுவதும் பிடிக்கும் இந்த வேலையில்தான் ஸ்கிரிப்ட் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது.

சில மென்பொருள்கள் பக்கத்தோடு ஒரு குறிப்பேட்டையும் அனுப்புகின்றன. மீடியாவிக்கியில் ‘எம்டபிள்யூ.கான்ஃபிக்’ என்ற பொருளிடம் கட்டுரைப் பெயர், கட்டுரை எண், திருத்த எண், பகுப்புகள், உள்ளடக்க மொழி, வேறு பெயரிலிருந்து வழிமாற்றி வந்திருந்தால் அந்தப் பழைய பெயர் ஆகிய எல்லாவற்றையும் கேட்கலாம். திரையைத் துருவுவதைவிட இது உறுதியானது: தோல் மாறினாலும் குறிப்பேடு மாறுவதில்லை. பெயரில் இடைவெளி வரும் இடங்களில் அடிக்கோடு வரும், அவ்வளவே. ஆனால் குறிப்பேடு சொல்வது பக்கம் தன்னைப் பற்றி எண்ணியிருப்பதை. பகுப்புப் பெயர் குறிப்பேட்டில் இருந்தும் திரையின் அடியில் வராமல் போயிருந்தால், குறிப்பேட்டை மட்டும் கேட்கும் சோதனைக்கு அது தெரியாது.

எப்போது கேட்பது என்பதும் எதைக் கேட்பது என்பதைப் போலவே முக்கியம். ‘ரெடிஸ்டேட்’ மூன்று சொல் சொல்லும்: ஏறுகிறது, பழகலாம், முடிந்தது. முடிந்தது என்பது எச்டிஎம்எல்லும் அதில் குறிப்பிட்ட படங்களும் நடைதாள்களும் வந்துவிட்டன என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஸ்கிரிப்ட் தனியே போய்த் தரவு கொண்டுவரும் பக்கங்களில் அந்தச் சொல் வந்த கணத்தில் அட்டவணை காலியாகவே இருக்கும். மீடியாவிக்கியிலும் துணை நிரல்கள் பின்னால்தான் வருகின்றன. அவசரப்பட்டு ‘எம்டபிள்யூ’வைக் கேட்டால் அப்படியொன்று இல்லை என்றே பிழை வரும். ஐந்து விநாடி தூங்கு என்று எழுதுவது சோம்பேறித்தனம். கொழும்பு அலுவலக இணைப்பில் ஐந்து விநாடி அதிகம், கீரிமலையில் கைப்பேசி இணைப்பில் மழைநாளில் அது போதாது. வேண்டிய வரி வந்துவிட்டதா என்று சிறு இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருந்து, வந்தவுடன் நகர்வதே முறை.

தொலைவு இன்னொரு விதத்திலும் குறுக்கிடும். குடாநாட்டில் வீட்டிலிருந்து சோதிப்பவரின் உலாவி பெரும்பாலும் அவருடைய மேசையில் ஓடுவதில்லை. வேறொரு நாட்டுத் தரவு மையத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு வெப்டிரைவர் கட்டளையும் அங்கே போய்த் திரும்ப வேண்டும். ஒரு பயணம் கால் விநாடி என்று வைத்தால், 40 வரிகளும் 5 நிரல்களும் கொண்ட அட்டவணையைக் கலம் கலமாகக் கேட்க 200 பயணம், 50 விநாடி. முழு அட்டவணையையும் வரிசைகளாக்கித் திருப்பும் ஒரே துண்டுக்கு ஒரே பயணம். வேகத்தைவிடப் பெரிய நன்மையும் அதில் இருக்கிறது. ஒரு துண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தின் வேறு ஸ்கிரிப்ட் எதுவும் ஓடாது. ஆகவே கிடைப்பது ஒரே கணத்தின் நிலை. 200 தடவை கேட்டால் முதல் வரி பழைய தரவாகவும் கடைசி வரி புதிய தரவாகவும் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட முரண்பாட்டால் ஒருநாள் தோற்று மறுநாள் தேறும் சோதனைகள் குழுக்களின் நம்பிக்கையையே அரித்துவிடுகின்றன.

பக்கம் ஏற எடுத்த நேரத்தை ‘பெர்ஃபார்மன்ஸ்’ பொருளிடம் கேட்கலாம்: முதல் பைட் வந்த நேரம், உரை தயாரான நேரம், எல்லாம் முடிந்த நேரம் என்று பிரித்துத் தரும். வேறு தளத்திலிருந்து வந்த கோப்புகளுக்கு அளவு சுழியம் என்று வந்தால் கோப்பு வரவில்லை என்று பொருளல்ல; அந்தத் தளம் சொல்ல அனுமதிக்கவில்லை.

திகதியில் இலங்கைக்கே உரிய பொறி ஒன்று உண்டு. ‘கெட்டைம்சோன்ஆஃப்செட்’ இன்று யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ஒரே எண்ணைத் தரும்: கழித்தல் 330 நிமிடம். அதனால் சோதனை இயந்திரத்தைக் கொல்கத்தா நேர வலயத்தில் வைத்தாலும் போதும் என்று தோன்றும். இலங்கை 1996 மேயில் நேரத்தை ஆறரை மணிக்கும் அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணிக்கும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. உலாவியின் நேர வலயத் தரவு இதை நினைவில் வைத்திருக்கிறது. 2003ஆம் ஆண்டுச் செய்தியொன்றின் நேரத்தைக் கொழும்பு வலயத்திலும் கொல்கத்தா வலயத்திலும் கேட்டால் அரைமணி வேறுபடும். நள்ளிரவை ஒட்டிய செய்தியானால் நாளே மாறும். பழைய பத்திரிகைக் களஞ்சியங்களைச் சோதிக்கும்போது இயந்திரத்தின் வலயத்தை வெளிப்படையாகக் கொழும்பு என்று அமைத்தே தொடங்க வேண்டும். காட்சி வடிவத்திலும் தமிழ்–இந்தியா 12 மணிக் கடிகாரத்தையும் தமிழ்–இலங்கை 24 மணிக் கடிகாரத்தையும் பின்பற்றுவதால், உலாவி வடிவமைத்த நேர உரையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது வீண்.

ஸ்கிரிப்டுக்கு எட்டாதவையும் உண்டு. உள்ளே பதித்த ஐஃபிரேம் வேறு தளத்துக்குரியதானால், பழைய ஒரேமூல விதி இன்றும் தடுக்கும். கருவியின் கட்டளையால் அந்தச் சட்டகத்துக்கு மாறிய பிறகே அங்கே துண்டை ஓட்டலாம். திறந்த ஷேடோ வேருக்குள் அதன் வாசல் வழியே இறங்கலாம், மூடிய வேருக்குள் முடியாது. பக்கத்தின் ஸ்கிரிப்ட் உலாவியின் அடிப்படைச் செயல்களையே மாற்றி எழுதியிருந்தால் அனுப்பும் துண்டும் மாற்றப்பட்டவற்றையே அழைக்கும். ‘நேவிகேட்டர்.வெப்டிரைவர்’ ஆம் என்று இருப்பதைப் பார்த்துத் தானியங்கி உலாவிக்கு வேறு முகம் காட்டும் தளங்களும் உண்டு. அங்கே கிடைக்கும் தகவல் சோதனையாளருக்கென்றே பரிமாறப்பட்டது.

வாசிக்கும் இந்த வழியைச் செயலுக்கும் பயன்படுத்துவது பரவலான பழக்கம். பொத்தானைச் சொடுக்க முடியவில்லை என்றால் ஸ்கிரிப்டாலேயே ‘கிளிக்’ அழைத்துவிடுவார்கள். வெப்டிரைவரின் சொடுக்கு மேலே வேறு ஏதாவது மூடியிருந்தால் பிழை சொல்லும். ஸ்கிரிப்டின் சொடுக்கு சொல்லாது. விளம்பரப் பட்டை மறைத்ததால் பயனர் ஒருவராலும் தொட முடியாத பொத்தான், சோதனையில் ஒவ்வொரு இரவும் தேறிக்கொண்டிருக்கும். ஸ்கிரிப்ட் வாசிக்கட்டும், தொடுவதைக் கருவியின் கட்டளைகளுக்கே விட வேண்டும்.

விக்கிப்பீடியா, நூலகம் போன்ற தன்னார்வத் தளங்களைப் பயிற்சிக்கு எடுப்போர் நேரடித் தளத்தைச் சுழற்சி நிரலால் அடிக்க வேண்டாம். மீடியாவிக்கியைச் சொந்தக் கணினியில் நிறுவ ஒரு மாலைப்பொழுது போதும். கீரிமலைக் கட்டுரையை ஏற்றுமதி செய்து அதில் இடலாம். தரவு மட்டும் வேண்டுமானால் தளமே ஏபிஐ வைத்திருக்கிறது, அதற்கு உலாவி தேவையில்லை. அந்தச் சொந்தப் பிரதியின் சோதனைத் தரவில் ஆங்கிலப் பெயர்களோடு கோயில் இரண்டு வடிவத்திலும், ஔவையார் சரியாகவும் பிழையாகவும், ஸ்ரீ இரண்டு குறியிலும், நகுலேஸ்வரம் புள்ளியோடும் இருக்கட்டும்.